சுவரில் தொங்கிய வரைபடமும் பத்மு தீவுக் கடிதமும்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் நான்கு ஆணி அடித்த ஓட்டை இன்னும் இருக்கிறது. பதினோரு வருடம் அங்கே, பைபிளின்படி உலகம் எப்படி முடியும் என்று காட்டும் ஒரு வரைபடம் தொங்கியது. ஆறடி நீளத் துணி. இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் புதிய எருசலேம். நடுவே இரகசிய வருகை (விசுவாசிகளைக் கர்த்தர் திடீரென்று மேலே எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவ காலம், கிறிஸ்துவின் எதிராளியான அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் என்ற கடைசிப் போர், ஆயிர வருஷ அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு என்று அம்புக்குறி போட்டு வரிசையாக. 2010இல் மாட்டியவன் நான். 2021இல் கழற்றியவனும் நான்தான். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியின் அண்ணனோடு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. அம்மாவின் பைபிளில் கடைசிப் புத்தகத்துக்குத் ‘திருவெளிப்பாடு’ என்று பெயர், மனைவியின் பைபிளில் ‘வெளிப்படுத்தின விசேஷம்’. பெயர் எதுவானாலும் 22 அதிகாரம்தான். அதில் சொன்னதெல்லாம் நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தானா என்பதில்தான் தகராறு. போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் 61 நாள் கரையில் கிடந்தபோது, அக்கா மகன் வந்து “மாமா, எப்படித்தான் வாசிக்கிறது?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக நான்கு வழி சொல்வார்கள். இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒன்று, சபையின் வரலாறு முழுவதையும் அந்தப் புத்தகத்துக்குள் தேடுவது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருடம் என்பது கணக்கு. மார்ட்டின் லூத்தர் போப்பாண்டவர் பதவியையே அந்திக்கிறிஸ்து என்றது இந்த வழியில்தான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை வருடமாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் கிறிஸ்து வருவது 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். பொழுது விடிந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வழிக்காரர் ஒரே ஒருவர். சனிக்கிழமை கடலுக்குப் போகமாட்டார், கடன் வைக்கமாட்டார், நல்ல மனிதர். ஒரு மனிதரை வைத்து ஒரு வழியை எடை போடுவது சரியில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இன்னொன்று, எல்லாமே உருவகம், எந்தக் காலத்திலும் நடக்கிற நன்மை தீமைப் போராட்டம் என்று வாசிப்பது. ஆயிரம் வருடம் என்பது சபை நடந்துகொண்டிருக்கும் இந்தக் காலம்தான் என்று புனித அகுஸ்தீனார் எழுதினார். பூசையில் பொதுத்தீர்ப்பு, தனித்தீர்ப்பு என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் காற்று பழக்கமானது. குறை என்னவென்றால், யார் எதை வேண்டுமானாலும் அதற்குள் ஏற்றிவிடலாம், தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

மிச்சம் இரண்டு. வரைபடம் ஒன்று, கடிதம் ஒன்று. என் வீட்டில் போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

முதலில் வரைபடம். நான்காம் அதிகாரத்திலிருந்து எல்லாமே இனிமேல் நடக்கப்போவது என்பது இதன் அடிப்படை. இது சீர்திருத்தச் சபைகளின் சொத்து என்றுதான் மச்சான் நம்புகிறார். ஆனால் 1590 வாக்கில் இந்த எதிர்கால வாசிப்பை விரிவாக எழுதியவர் பிரான்சிஸ்கோ ரிபேரா என்ற ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு! போப்பாண்டவரை அந்திக்கிறிஸ்து என்றவர்களுக்கு அது நல்ல பதிலாக அமைந்தது. இரகசிய வருகை அவரிடம் கிடையாது. அது 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியோடு சேர்ந்து பரவியது. 1 தெசலோனிக்கேயர் 4:17 அதற்கு ஆதார வசனம். பிறகு ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கப் போதகர் 1909இல் கொண்டுவந்த குறிப்புரைப் பைபிள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. மச்சான் குடியை விட்டது அந்தத் துணியின் முன்னால் முழங்கால் போட்டுத்தான். இன்றைக்கு ராத்திரியே கர்த்தர் வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு ஒரு சூடு இருக்கிறது. பூசையில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது.

பிரச்சினை பராமரிப்பில்.

மரப்படகு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். வாங்கும் விலையை எல்லோரும் விசாரிப்பார்கள். வருடா வருடம் கரையேற்றி, பலகை மாற்றி, இடுக்கடைத்து, வண்ணம் பூசுகிற செலவை யாரும் கேட்பதில்லை. வரைபடத்துக்கும் அப்படித்தான். அதில், அந்தப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் பத்துக் கொம்புக்கு நேரே ‘ஐரோப்பியப் பொதுச் சந்தை’ என்று அச்சடித்திருந்தது. 1981இல் கிரேக்கம் சேர்ந்தபோது அதில் சரியாகப் பத்து நாடுகள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர, 12. நான் ஆணி அடித்த வருடம் 27. கேட்டால், பத்து நாடு இனிமேல் திரண்டு வரும் என்றார்கள். சரி. 1948இல் இஸ்ரேல் பிறந்தது, ஒரு தலைமுறைக்கு 40 வருடம், ஆகவே 1988இல் வருகை என்று முன்பு ஒரு கணக்கு இருந்ததாம். அது போனதும் தலைமுறை நீண்டது. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், தவறியதும் அக்டோபர் 21 என்றார். அந்த நாழிகையைப் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்வது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் நாளை மட்டும் சொல்லாமல், மற்ற எல்லாவற்றையும் சொன்னோம்.

அப்புறம் 666, அந்த மிருகத்தின் எண். முதலில் சோப்பு டப்பாவில் இருந்த பார்கோடு. பிறகு ஆதார். பிறகு கையில் வைக்கப்போகும் சிப். 2021இல் தடுப்பூசி. ஒவ்வொரு முறையும் துணியின் அதே இடத்தில் வேறொரு தாளை ஒட்டினோம். அந்தத் தடவை நான் ஊசி போடப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து, என்னிடமிருந்து அம்மாவுக்குத் தொற்றியது. எழுபது வயதுக்காரி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். ஊசி வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் வேறு செய்திக்குப் போய்விட்டார். தப்பு அவருடையது என்பதைவிட, நம்பியது நான்தானே. ஆனால் அந்த வாரம் ஆணியைப் பிடுங்கினேன்.

இனி கடிதம். இந்தப் பெயர் நான் வைத்தது. புத்தகம் தன்னைக் கடிதமாகவே தொடங்குகிறது. பத்மு தீவில் இருந்த யோவான், ஆசியாவிலுள்ள ஏழு சபைகளுக்கு எழுதுகிறார். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஏழும் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். காலம் ஏறக்குறைய கி.பி. 95, ரோமப் பேரரசன் டொமீஷியன் ஆட்சியின் கடைசி என்பது இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு காலத்திலிருந்து வரும் பேச்சு. அதற்கு முந்தைய பேரரசன் நீரோ காலத்துக்கு அருகில் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் முதலில் அதை வாசித்தவர்களுக்குப் பார்கோடு தெரியாது. அவர்களுக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்று முதலில் கேட்பது இந்த வழி.

கேட்டுப் பார்த்தால் பல பூட்டு தானாகத் திறக்கிறது. லவோதிக்கேயாவைப் பார்த்து, நீ குளிருமில்லை அனலுமில்லை, வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்கிறார். பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர். லாரித் தண்ணீரை வெயிலில் வைத்துக் குடித்துப் பழகிய நமக்கு விளக்கவுரை வேண்டாம். 666க்கும் அப்படித்தான். எபிரேயத்தில் எழுத்தே எண். நம் ஓலைச்சுவடியில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று இருந்ததைப் போல. ‘நீரோன் கேசர்’ என்று எழுதிக் கூட்டினால் 666. கடைசி ன் இல்லாமல் கூட்டினால் 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் உண்மையாகவே 616 என்றுதான் இருக்கிறது.

என்னை முழுதாக இந்தப் பக்கம் இழுத்தது 18ஆம் அதிகாரம். மகா பாபிலோன் விழுகிறது. ஏழு மலைமேல் உட்கார்ந்த நகரம் என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் ரோம். அவள் விழுந்ததும் அழுகிறவர்கள் யார்? வியாபாரிகள், மாலுமிகள், கடலில் தொழில் செய்கிறவர்கள். இனி எங்கள் சரக்கை யார் வாங்குவார் என்று அழுகிறார்கள். சரக்குப் பட்டியலில் பொன், வெள்ளி, இரத்தினம், அதையடுத்து முத்து. ரோமுக்கு முத்து எங்கிருந்து போனது? கொற்கைப் பக்கம் முத்துக் குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று அந்த நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடு சொல்கிறது. நம் வைகை முகத்தருகே அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமக் காசு வந்தது. யோவான் எழுதிய அந்த முத்துகளில் ஒன்றிரண்டு மன்னார் வளைகுடாவுடையதாக இருந்திருக்கலாம். பட்டியல் முடியும் இடத்தில் ‘மனுஷருடைய ஆத்துமாக்கள்’ என்று இருக்கிறது. ஆளையும் சரக்காக விற்ற சந்தை அது. நியாயத்தீர்ப்பு என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. வரைபடத்தில் அந்த அதிகாரம் ஒரு சின்ன வெடிப்புப் படம் மட்டுமே.

பராமரிப்புக் கணக்கில் கடிதம் லேசாக ஜெயிக்கிறது. டொமீஷியன் மாறப்போவதில்லை. நாளைக்கு எந்த நாடு எந்தக் கூட்டணியில் சேர்ந்தாலும் லவோதிக்கேயாவின் தண்ணீர் வெதுவெதுப்புத்தான். புதுச் செய்தி வரும்போது தாள் ஒட்ட வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் அளவுக்கு மீறிப் போகிறவர்கள் உண்டு. எல்லாம் கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபோதே முடிந்துவிட்டது என்பார்கள். அங்கே நான் நின்றுவிடுகிறேன். காரணம் 20:13. ‘சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.’

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் என் பெரியப்பா இருந்தார். அந்த ராத்திரி கடல் பயணிகள் ரயிலை எடுத்தது, ஊரை எடுத்தது, மாதா கோயிலின் சுவர் போலச் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தது. பெரியப்பாவின் உடல் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி எப்போதும் கல்லறை இல்லாமலேயே எரியும். இந்தக் கரையில் பல வீட்டில் அப்படித்தான். அந்த வசனம் இன்னும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே கடைசி மூன்று அதிகாரத்தை நான் எதிர்காலத்தில்தான் வைத்திருக்கிறேன். ‘சமுத்திரமும் இல்லாமற்போயிற்று’ என்று 21:1இல் வருவது மட்டும் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. மிருகம் ஏறி வந்த கடல், ரோமக் கப்பல் ஓடிய கடல், அதுதான் போகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அதை ஏற்றுக்கொள்கிறேன், பாதி மனதோடு. கடல் இல்லாத மோட்சத்தில் நாங்கள் என்ன செய்வது?

தனுஷ்கோடி தேவ கோபம் என்றும், 2004 சுனாமி நியாயத்தீர்ப்பு என்றும் பேசக் கேட்டிருக்கிறேன். சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை நம் கரை படவில்லை. அதனால் நாம் நல்லவர்கள் ஆகிவிட்டோமா? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. அக்கா மகனிடம் இதோடு மத்தேயு 13:47ஐயும் காட்டினேன். பரலோகராஜ்யம் கரைவலை மாதிரி. எல்லாவித மீனும் மடியில் வருகிறது. பிரிப்பது கரைக்கு இழுத்த பிறகுதான், அதுவும் தூதர்கள். கடலுக்குள் வலை கிடக்கும்போதே இது பாறை மீன், இது ஆகாத பேத்தை என்று யாரும் பொறுக்குவதில்லை. “இப்ப சங்காயத்தைக்கூடக் கோழித்தீவனத்துக்கு வித்துர்றோமே மாமா” என்றான். சங்காயம் என்றால் வலையில் வரும் கழிவு மீன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடித வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது ஆறிப்போகும். ரோம், கிரேக்கம், காசு, பானை ஓடு என்று படித்துக்கொண்டே போனால் முழங்கால் போடுவது குறைகிறது. எனக்குக் குறைந்தது. “அப்போ ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றீங்களா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். வருகையும் உண்டு, தீர்ப்பும் உண்டு, கால அட்டவணைதான் இல்லை என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வரும் ஒரு பையனுக்கு இந்த வழி எவ்வளவு தூரம் பிடிமானம் கொடுக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. நான் சூட்டை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு வந்தவன்.

துணி இப்போது மச்சான் வீட்டில் தொங்குகிறது. சண்டையில்லை. போன வாரம் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது, நவம்பர் 2க்கு வீட்டுக்கு வந்து 20:13ஐ வாசிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். எந்தப் பைபிளில் என்று கேட்டார். அவருடையதிலேயே என்றேன். அவருக்கு நல்ல குரல்.