ஒரு டிராக்டரை ஏற்ற மூன்று பழைய டிரெய்லர்கள்: எனக்கு வாய்த்தது எது?

நம் ஊரில் டிராக்டர்தான் டிரெய்லரை இழுக்கும். ஒஹாயோவில் என் வீட்டு டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்றுகிறது. போன கோடையில் வந்திருந்த அப்பா இதைப் பார்த்துவிட்டு, "மாட்டை வண்டியில ஏத்திட்டு மனுசன் இழுக்கிற மாதிரில்லடா இருக்கு" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

டிராக்டர் என்றதும் வயலில் ஓடுவதை நினைக்க வேண்டாம். இது தோட்ட டிராக்டர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் லூயிவில் ஆலையில் செய்யத் தொடங்கிய கப் கேடட் வரிசையில் '100' என்ற மாடல். பத்து குதிரைத்திறன் கோலர் எஞ்சின், மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பெரிய பொம்மை போல இருக்கும். இதைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் இண்டியானா மாநிலம் போர்ட்லேண்டில் நடக்கும் பழைய எஞ்சின், டிராக்டர் கண்காட்சிக்குக் கொண்டுபோகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே ஒரு டிரெய்லர் தேவைப்பட்டது.

கடையில் புதிதாகக் கிடைக்கும் மடக்கு டிரெய்லரே போதும்தான். மனம் ஒப்பவில்லை. அறுபது வயது டிராக்டரைப் பளபளக்கும் புது டிரெய்லரில் ஏற்றினால் பட்டு வேட்டிக்கு ஓட்டப்பந்தய ஷூ போட்டதுபோல் இருக்கும். பழையதுதான் என்று முடிவு செய்தபின் கண்ணில் பட்டவை மூன்று வகை: ராணுவக் கால்-டன் டிரெய்லர், பழைய பிக்கப் டிரக்கின் பின்பாதியை வெட்டிச் செய்தது, எழுபதுகளில் பனிவண்டி (ஸ்னோமொபைல்) ஏற்றச் செய்த சாய்தள டிரெய்லர். நான் வாங்கியது மூன்றாவதை. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ஆசைப்பட்டது ராணுவ டிரெய்லருக்கு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புக்கு முதல் மாதிரி செய்த பென்சில்வேனியாவின் பேன்டம் நிறுவனமே பிறகு ஜீப் இழுக்கும் கால்-டன் டிரெய்லரையும் செய்தது. அதன் வழிவந்ததுதான் பின்னாளில் எம்151 ராணுவ வண்டிக்குப் பின்னால் ஓடிய எம்416. தொட்டி மாதிரி ஒரே இரும்பு உடல்; தண்ணீரில் மிதக்கும்; அடியில் வடிகால் அடைப்பான் உண்டு. கடலில் இறக்கக்கூடிய வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது என்ற பெருமையே தனி. வேலைக்கு ஆகுமா என்றால் ஆகாது. கால் டன் என்றால் 500 பவுண்டு. என் டிராக்டரைப் புல்வெட்டித் தட்டோடு எடைமேடையில் ஏற்றியபோது 820 காட்டியது. அது போகட்டும், தொட்டிக்குப் பின்கதவே கிடையாது. டிராக்டரைக் கிரேன் வைத்தா தூக்கி வைப்பது? பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய நிமிடமே சேகரிப்பாளர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். விறகு, எருமூட்டை ஏற்றுபவர்களுக்கு அது தங்கம்தான். நான் ஒருபோதும் அதற்கு உரிமையாளனாக இருந்ததில்லை என்பதால் அதன் பராமரிப்பைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

இரண்டாவது, பிக்கப்பின் பின்பாதி. இங்கே கிராமப்புறத்தில் கொட்டகைக்குக் கொட்டகை ஒன்று கிடக்கும். முன்பக்கம் துருப்பிடித்துப் போன டிரக்கைக் கேபினுக்குப் பின்னால் வெட்டி, சட்டத்தைக் குவித்து முக்கோணமாக வெல்டிங் செய்து, கொக்கி மாட்டினால் ஆயிற்று. கம்பெனிப் பெயர் அச்சடித்த பின்கதவோடு அது போகிற அழகே அழகு. விலையும் குறைவு, நான் பார்த்த ஒன்றை 250 டாலருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார் ஒரு பெரியவர். எடை தாங்குவதில் கவலையே இல்லை. டயர் எங்கும் கிடைக்கும்; பெரிய டயர் என்பதால் பேரிங்கும் அலுங்காமல் ஓடும். இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: மணிக்கு 60 மைலில் 28 அங்குல டிரக் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 720 சுற்று சுற்றுகிறது, பனிவண்டி டிரெய்லரின் 16 அங்குலக் குட்டி டயரோ 1,260 சுற்று. சூடு எதில் ஏறும் என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? இரண்டு காரணங்கள். ஒன்று உயரம். படுக்கை தரையிலிருந்து சுமார் 28 அங்குலம். ஆறடி ஏற்றுப்பலகை வைத்தால் 23 டிகிரி சரிவு. டிராக்டரின் முன்சக்கரம் மேலே ஏறிப் பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும் அந்த நொடியில், வயிற்றில் தொங்கும் புல்வெட்டித் தட்டு விளிம்பில் உரசி உட்கார்ந்துவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்றவா முடியும்? இரண்டாவது காரணம் வண்டியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. இழுப்பதற்கு எந்த வேலையும் இல்லாத கியர்ப்பெட்டி (டிஃபரென்ஷியல்) பின் அச்சின் நடுவில் தொங்குகிறது. டிரக்கை வெட்டியவர் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றியதோடு, "இனி ஓடப் போவதில்லையே" என்று அதன் எண்ணெயையும் வடித்துவிட்டிருப்பார். சக்கரம் சுற்றினால் உள்ளே பல்சக்கரமும் சுற்றத்தான் செய்யும். பல ஆக்சில்களில் சக்கர பேரிங்குக்கும் அந்த எண்ணெய்தான் உயிர். நான் பார்த்த அந்த 250 டாலர் டிரெய்லரில் அடைப்பானைத் திறந்து விரலை விட்டேன். விரலில் துருப்பொடிதான் வந்தது. பெரியவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "காபி குடித்துவிட்டுப் போங்கள்" என்றார், குடித்துவிட்டு வந்தேன்.

இனி என் டிரெய்லர். அறுபது, எழுபதுகளில் வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பனிவண்டி மோகம் உச்சத்தில் இருந்தது. அவற்றை ஏற்றவென்றே தாழ்ந்த, எடை குறைந்த, ஒற்றை அச்சு டிரெய்லர்கள் குவிந்தன. அவற்றின் தளம் இழுகம்பியில் ஓர் ஆணியில் சாயும். தளத்தைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாளைத் தட்டினால் பின்விளிம்பு தரையைத் தொடும். டிராக்டரை நேராக ஓட்டி ஏற்றலாம். எடை அச்சைத் தாண்டியதும் தளம் தானே படிந்து உட்காரும். என்னுடையதில் தளத்தின் உயரம் 13 அங்குலம்தான் இருந்தது, சரிவு சுமார் 14 டிகிரி. புல்வெட்டித் தட்டு எங்கும் இடிக்கவில்லை. ஏற்றுப்பலகை என்ற சனியனே வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இழுக்கும் காரில் பூட்டாமல் ஏற்றவே கூடாது, தளம் படியும்போது 'டம்' என்று அடிக்கும், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு மெல்ல நகர வேண்டும். முதல் முறை நான் காலை எடுத்துவிட்டேன். பல் கிட்டிப்போனது.

ஆனால் இதை வாங்கியதற்கு உண்மையான காரணம் சாய்தளம் கூட இல்லை. அச்சுதான். பழைய டிரெய்லரில் பெயிண்டையும் பலகையையும் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். பலகை ஒரு சனிக்கிழமை வேலை, பெயிண்ட் இன்னொரு சனிக்கிழமை. அச்சும் ஹப்பும் (சக்கரக் குடம்) பேரிங்கும் சரியில்லை என்றால், அதற்குரிய உதிரி இன்று கடையில் கிடைக்காது என்றால், கையில் இருப்பது டிரெய்லர் இல்லை, தோட்ட அலங்காரம்.

நான் வாங்கியபோது இடது ஹப் இறுகிக் கிடந்தது. பல வருடம் புல்லில் நின்று, அதற்குமுன் பனிக்காலச் சாலை உப்பையும் தின்றிருக்கிறது. கிரீஸ் மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர். வலது ஹப் கழன்றது. அச்சு முனையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: சரியாக ஓர் அங்குலம். அப்போதே பாதி நிம்மதி. ஓர் அங்குல முனைக்கு எல் 44643 என்ற பேரிங், அதற்கு எல் 44610 வெளிவளையம்; படகு டிரெய்லர் உதிரி விற்கும் எந்தக் கடையிலும் தொங்கும். முனை 1 1/16 அங்குலமாக இருந்தால் எல் 44649, வளையம் அதேதான். பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறவர் பாக்கெட்டில் வெர்னியரும் இந்த எண்களும் இருந்தால் போதும். அளவு இவற்றில் எதற்கும் பொருந்தாமல், அந்தக் காலக் கார் ஒன்றின் முன்சக்கர முனையை யாரோ அறுத்து ஒட்டியதாக இருந்தால், டிரெய்லரை எவ்வளவு பிடித்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வலதை இப்படிக் காப்பாற்றலாம் என்று தெரிந்தது. இடது முனையில் பேரிங்கின் உள்வளையம் சூட்டில் ஒட்டிப்போய், அதை அறுத்தெடுத்தபின் முனையில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். அதோடு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பலகை, விளக்கு எல்லாம் சேர்த்து டிரெய்லர் 400, டிராக்டர் 820, ஆக 1,220 பவுண்டு. அதில் இருந்த 4.80-8 'பி' ரக டயர் ஒன்றின் தாங்குதிறன் 590, இரண்டுக்கும் 1,180. நாற்பது பவுண்டு துண்டு விழுகிறது! கொக்கியில் இறங்கும் பங்கைக் கழித்தால் சமாளிக்கும், ஆனால் மிச்சம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பனிவண்டிக்குச் செய்ததில் டிராக்டரை ஏற்றுகிறோம் என்பதை மறந்தால் இப்படித்தான். 'பி' ரகத்தில் ஏற்றியே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு வாதமாகாது.

ஆகவே அச்சையே மாற்றினேன். இங்குதான் இந்த வகை ஜெயித்தது. அச்சு, கமான் பட்டையின் மேல் நான்கு யூ-போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஹப் முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை ஓர் அளவு. ஒரு கமான் பட்டை நடுவிலிருந்து மறுபட்டை நடு வரை ஓர் அளவு. இந்த இரண்டையும் சொன்னால் 2,000 பவுண்டு தாங்கும் புது அச்சு வீடு வந்து சேர்கிறது. வெல்டிங்கே இல்லை, ஒரு மதியம், இரண்டு ஸ்பேனர். கூடவே 5.30-12 'சி' ரக டயர்: ஒன்று 1,045 பவுண்டு தாங்கும். நிமிடச் சுற்றும் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. கொடுத்த விலை, தளம் இரண்டு அங்குலம் உயர்ந்தது, சரிவு 16 டிகிரி ஆனது. தட்டு இன்னும் உரசவில்லை. பிக்கப் பாதியில் இதே வேலையைச் செய்யலாம்தான், அதன்பின் மிச்சம் இருப்பது ஒரு பின்கதவு மட்டுமே.

"அச்சை மாற்றினால் அது எப்படிப் பழைய டிரெய்லர்?" என்று கண்காட்சியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய அச்சைத் துடைத்து எண்ணெய் பூசி, சீட்டுக் கட்டி, கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். நாளை யாராவது அதைக் காட்சிப் பொருளாக வைக்க விரும்பினால் திருப்பி மாட்டிக்கொள்ளட்டும். நான் நெடுஞ்சாலையில் என் பிள்ளைகளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு இழுக்கிறேன்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தாத்தா வண்டிக்கு மசகு போட்ட அதே வேலை, அதே சிரத்தை. வருடம் ஒருமுறை ஹப்பைக் கழற்றி, பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் கிரீஸை அழுத்தித் திணித்து, கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தைப் புதிதாக மாற்றி, நட்டை இறுக்கியபடி ஹப்பைச் சுற்றி, பிறகு தளர்த்தி விரலால் மட்டும் இறுக்கிக் காட்டர் பின் போட வேண்டும். 'நன்றாக இறுகட்டும்' என்று ஸ்பேனரால் முறுக்கினால் அடுத்த ஊர் தாண்டுவதற்குள் பேரிங் நீலம் பாய்ந்துவிடும்.

மற்றவை சட்டென்று. முன்கொக்கியின் அளவைப் பாருங்கள்: பழையவை பெரும்பாலும் 1 7/8 அங்குல உருண்டைக்கு, இன்றைய கார்களில் இரண்டு அங்குலம், இரண்டு அங்குலக் கொக்கியைச் சிறிய உருண்டையில் மாட்டினால் மேட்டில் கழன்றுகொள்ளும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். என் கணக்கில் 120 முதல் 180 பவுண்டு. சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டேன். விளக்குக்கு எர்த் வயரைக் கொக்கி வழியே நம்பாமல் தனியாக இழுங்கள். ஒஹாயோவில் இந்த எடைக்கு டைட்டில் (உரிமைப் பத்திரம்) கேட்பதில்லை. எடைச்சீட்டும் விற்பனைச் சீட்டும் வைத்துப் பதிவு செய்தேன். உங்கள் மாநிலத்தில் முறை வேறாக இருக்கலாம், பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மறுவிற்பனை? இதில் நான் தோற்றவன். வெட்டாத ராணுவ டிரெய்லர் விலை ஏறுகிறது. என்னுடையதை விற்றால் அச்சுக்கும் டயருக்கும் போட்ட காசு வந்தாலே அதிகம்.

என் அனுபவம் மூன்று பருவம்தான், நீண்ட பயணம் என்றால் போர்ட்லேண்ட், ஒன்றரை மணி நேரம். சட்டம் மெல்லிய தகட்டுக் குழாய்; பனிவண்டியின் எடை தளம் முழுக்கப் பரவும், டிராக்டரின் எடை நான்கு புள்ளியில் இறங்கும். அதனால் சக்கரத்தடத்துக்கு அடியில் இரண்டு குறுக்குக் கம்பி சேர்த்தேன். அது பத்து வருடம் தாங்குமா என்பதைப் பத்து வருடம் கழித்துத்தான் எழுத முடியும். முன்லோடர் மாட்டிய டிராக்டர், தண்ணீர் நிரப்பிய டயர் என்று எடை ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் அந்தப் பெரியவரின் கொட்டகைக்கே போகலாம். கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் டப்பா ஒன்றும், எட்டடி ஏற்றுப்பலகையும் கையோடு கொண்டுபோக வேண்டும். காபி அவர் தருவார்.