மூளை பிதுங்கும் நேரத்தில் மானிட்டாலா, அடர் உப்புக்கரைசலா?

தலையில் அடிபட்டவரின் ஒரு கண்மணி விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்கும் சுருங்காமல் நின்றால், அந்தப் பக்க மூளை, பெருமூளையையும் சிறுமூளையையும் பிரிக்கும் டென்டோரியம் உறையின் விளிம்பைத் தாண்டி இறங்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பை நெரிக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். மறுபக்கக் கைகால் தளர்வது அதை வலுப்படுத்தும். இரத்த அழுத்தம் ஏறி நாடி மந்தமாவது பெரும்பாலும் பிந்தி வரும் அடையாளம். சி.டி. ஸ்கேன் தேவைதான், அதற்காக மூளையின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த மருந்து என்பதில் நான் பல ஆண்டுகள் சர்க்கரை போன்ற பொருளான மானிட்டாலின் கரைசலைப் பயன்படுத்திவிட்டு, இப்போது 3 சதவீத உப்புக்கரைசலுக்கு மாறியிருக்கிறேன். இரண்டுமே மூளையிலிருந்து நீரை இழுத்து அழுத்தத்தைக் குறைப்பவை. 2016-இல் வந்த மூளைக்காய வழிகாட்டி நெறிகளும் இவற்றில் ஒன்றை உயர்த்திப் பிடிக்கவில்லை. மானிட்டால் குளிரில் படிகமாவதும் பெரிய குறையன்று. சூடேற்றிக் கரைத்து, வடிகட்டியோடு ஏற்றலாம்.

என்னை மாற்றியது, குழாய் வழியே சிறுநீர் சேரும் பை. 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 1 கிராம் வீதம் கொடுத்தால் 20 சதவீத மானிட்டால் 350 மி.லி. உள்ளே போகிறது, சிறிது நேரத்தில் அதைவிட அதிகமான நீர் பையில் இறங்குகிறது. விபத்தில் சிக்கியவருக்கு வயிற்றுக்குள்ளும் இரத்தக்கசிவு இருக்கக்கூடும். அப்போது சிறுநீர் குறைவதே நம்மை எச்சரிக்க வேண்டிய அறிகுறி. மானிட்டால் அதை மறைத்துவிடும். பை நிறைகிறதே என்று நிம்மதியாக இருந்த ஓர் இரவில், இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80-க்கு இறங்கியதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். 15 முதல் 49 வயது வரையுள்ளவருக்கு அது 110-க்குக் கீழே போகாதிருப்பது நல்லது. அடிபட்ட மூளை இரத்த ஓட்டக் குறைவைத் தாங்காது. உப்புக்கரைசலோ 250 மி.லி. அளவிலேயே, கையிலுள்ள சாதாரணச் சிரை ஊசி வழியாகவே ஏற்றி, இரத்த அளவையும் தாங்கிப் பிடிக்கிறது.

அதற்கும் விலை உண்டு. இரத்தத்தில் உள்ள சோடியத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, லிட்டருக்கு 160 மில்லிமோலைத் தாண்டாமல் காக்க வேண்டும். நெடுநாளாகச் சோடியம் குறைந்திருப்பவருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் இதைக் கொடுக்கக் கை தயங்கும். முன்னவருக்கு நான் இன்றும் மானிட்டாலையே எடுக்கிறேன். இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் செருகும் குழாய் வழியே கொடுக்கும் 23.4 சதவீதக் கரைசலை இரண்டு முறைதான் கையாண்டிருக்கிறேன் என்பதால், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எதைக் கொடுத்தாலும், உறைந்த இரத்தக்கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தால், கண்மணி சுருங்கிவிட்டது என்பதற்காக அறுவை அரங்குக்குச் சொல்லி அனுப்பியதை நிறுத்திவைப்பதில்லை.