ஏணி இல்லாமல் வந்தவர் பார்த்த புகைபோக்கி

போன ஒக்டோபரில் ரொறன்ரோவை விட்டு லின்ட்சே பக்கம் ஒரு பழைய வீடு வாங்கிக்கொண்டு போனோம். இருப்பறையில் விறகடுப்பு. மனைவிக்கு அதைக் கண்ட உடனேயே வீடு பிடித்துவிட்டது. விளம்பரத்தில் 'வெட் சான்றிதழ் பெற்ற அடுப்பு' என்று போட்டிருந்தார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் வெட் (WETT) என்பது விறகடுப்பு வேலை செய்கிற ஆட்களுக்கான கனடிய அமைப்பு; அது சான்றிதழ் கொடுப்பது ஆட்களுக்கு. அடுப்புக்கோ வீட்டுக்கோ இல்லை. சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து பார்த்து, அன்றைக்கு எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதுவார், அவ்வளவுதான். இந்த விசயம் கை சுட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ்காரர் 30 நாளுக்குள் அறிக்கை வேண்டும் என்றார்கள். நண்பன் ஒருவன், "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார் மச்சான், எங்கட வீட்டையும் அவர்தான் பார்த்தவர்" என்று நம்பர் தந்தான்.

மனிதர் ஒரு சின்னக் காரில் வந்து இறங்கினார். கையில் டோர்ச், ஒரு வாக்குவம், ஒரு பை. ஏணி இல்லை. எனக்கு அது கண்ணில் பட்டது. ஆனால் வயதில் மூத்தவர், வந்ததும் ஊர் விசாரித்து, அப்பாவின் பெயர் கேட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு "ஏணி எங்கை அண்ணை?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 40 நிமிடம். சாம்பலை அள்ளினார், அடுப்புக்குள் டோர்ச் அடித்தார், வாசலில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல அடுப்பு தம்பி. பயப்பிடாமல் எரியுங்கோ."

ஒரு பக்க அறிக்கை, அதில் சான்றிதழ் இலக்கம் என்று ஒன்று. கூடவே 40 டொலருக்குப் பொடிப் பக்கெட்டுகள்: கிழமைக்கு ஒன்று நெருப்பில் போட்டால் ஐந்து வருசத்துக்குத் துப்புரவே தேவையில்லையாம். அப்படி ஒன்றும் இல்லை. பொடி படிவைக் கொஞ்சம் உதிரப்பண்ணும், தூரிகை செய்கிற வேலையைச் செய்யாது. மொத்தம் 350 டொலர். காசாகத் தந்தால் வரி வேண்டாம் என்றார். 13 வீதம் மிச்சம் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லை. அது முழுக்க என் பிழை.

டிசம்பரில் அடுப்புக் கதவைத் திறந்தால் புகை மேலே போகாமல் முகத்தில் அடிக்கத் தொடங்கியது. குழாய் பொருத்துகளில் கறுப்பாக ஏதோ வழிந்து, கோடு கோடாகக் காய்ந்திருந்தது. தொட்டேன், தார் மாதிரி விரலில் ஒட்டியது, சவர்க்காரம் போட்டும் இரண்டு நாள் மணம் போகவில்லை. அவருக்குப் போன் அடித்தேன். "விறகு ஈரம் தம்பி" என்றார். அது முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். விறகின் ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், எங்கள் விறகு அப்படி இருக்கவில்லை. ஆனால் அதோடு அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அறிக்கையில் இருந்த பெயரை அப்போதுதான் வெட் இணையத்தளத்தில் தேடினேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை. இரண்டு நிமிட வேலை. காசு கொடுக்க முதல் செய்திருக்கவேண்டியது.

இரண்டாவதாக வந்தவர் பீற்றர்பரோவில் இருந்து ஒரு கிழவர். ட்ரக்கின் மேல் ஏணி, கம்பியில் பூட்டுகிற தூரிகைகள், கமரா. உள்ளே வராமல் நேரே வெளிச்சுவருக்குப் போனார். எங்கள் புகைபோக்கி சுவரைத் துளைத்து வெளியே வந்து மேலே ஏறுகிறது. அந்தத் திருப்பத்தின் அடியில் துப்புரவு செய்வதற்கென்றே ஒரு மூடி. என்னைக் கூப்பிட்டு அதன் திருகாணிகளைக் காட்டினார். எப்போதோ சுவருக்கு அடித்த பெயின்ட் அவற்றின் தலையை மூடி, வெடிப்பு ஒன்றும் இல்லாமல் அப்படியே இருந்தது. "யாராவது திறந்திருந்தால் இது உடைந்திருக்கும்" என்றார். திறந்தார். கறுப்புச் செதில்கள் பொலபொலவென்று கொட்டி ஒரு வாளி நிறைந்தது.

அதுதான் கிரியோசோட். புகை குளிர்ந்தால் படிகிறது. வெளியே நிற்கிற புகைபோக்கி சீக்கிரம் குளிரும், அதனால் படிவும் கூட. 3 மில்லிமீற்றர் தடிப்பு வந்தாலே துடைக்கவேண்டும். தீப்பிடித்தால் உள்ளே 1,000 பாகை செல்சியசுக்கு மேல் போகும். உச்சியில் இருந்த வலை பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. புகை திரும்பி வந்தது அதனால்தான். உயரமும் குறைவு. 3 மீற்றருக்குள் இருக்கிற கூரையின் எந்தப் பகுதியையும் விட 60 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும், எங்களுடையது முகட்டுக்குக் கீழே நின்றது.

எனக்கு ஆத்திரம் வந்தது வீட்டுக்குள் இருக்கிற குழாயைக் காட்டியபோதுதான். குழாயின் ஒடுக்கமான நுனி கீழ்நோக்கி, அடுப்பைப் பார்த்துச் செருகியிருக்கவேண்டும். அப்போதுதான் வழிகிற கிரியோசோட் குழாய்க்குள்ளேயே இறங்கி நெருப்பில் விழும். எங்களுடையது தலைகீழ். அதுதான் ஒவ்வொரு பொருத்திலும் வெளியே கசிந்தது. பழைய சொந்தக்காரர் செய்த வேலை, சரி. ஆனால் இதைக் காண ஏணியும் வேண்டாம், கமராவும் வேண்டாம். முதலாமவர் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் தேத்தண்ணி குடித்தார்.

புதுக் குழாய், மேலே ஒரு துண்டு உயரம், துப்புரவு, அறிக்கை எல்லாமாக 1,900 டொலர், வரியோடு. பழைய சொந்தக்காரர் விட்டுப்போன கார்பன் மொனொக்சைட் அலாரமும் காலாவதியாகியிருந்தது, அதையும் மாற்றினேன். புது அறிக்கையில் உச்சியின் படம், மூடி திறந்த படம், எத்தனையாம் நிலைச் சோதனை என்பது வரை இருக்கிறது. முதல் நிலை என்றால் இலகுவாகக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்ப்பது. வீடு வாங்குபவர்கள் அதோடு நிற்காமல், இன்னும் ஆழமாகப் பார்க்கிற இரண்டாம் நிலைச் சோதனையைக் கேளுங்கள்.

நம்பர் தந்த நண்பனிடம் சொன்னேன். "சும்மா சொல்லாதை, எங்களுக்கு நல்லாத்தான் செய்தவர்" என்று கோபித்துக்கொண்டான். போன சனிக்கிழமை போன் வந்தது. அவன் வீட்டு மூடியின் திருகாணிகளும் பெயின்டுக்கு அடியில்தான் இருக்கின்றனவாம். பீற்றர்பரோக் கிழவரின் நம்பர் கேட்டான்.