குறட்டை குறைந்தது, மூச்சடைப்பு குறையவில்லை: சேலத்தில் வாய் கிளிப் வாங்கப் போகிறவர்களுக்கு

சேலம் பக்கம் யாராவது குறட்டைக்கோ, தூக்கத்தில் வரும் மூச்சடைப்புக்கோ ராத்திரி வாயில் மாட்டிக்கொள்ளும் கிளிப் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு பல் கிளினிக்கில் எங்களிடம் 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்லாமல், பல் அளவும் எடுக்காமல், வெந்நீரில் முக்கிக் கடிக்க வைத்த ஒரு பிளாஸ்டிக்கைக் கொடுத்து அனுப்பினார்கள். பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் போட்டதும் சத்தம் நன்றாகவே குறைந்தது, அதுதான் ஆபத்தாகப் போனது.

என் வீட்டுக்காரர் ஏற்காட்டிலிருந்து மிளகும் காபிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு சேலம் மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை ரோடு. அவருடைய குறட்டை எங்கள் தெருவுக்கே தெரியும், அது ஒரு பிரச்சினையே இல்லை. திடீரென்று சத்தம் நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, மூச்சு உள்ளே போகாமல் கிடந்து, அப்புறம் ஒரு உறுமலோடு திரும்ப வரும், பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத்தான் அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று தெரியும். காலையில் தலைவலி. பகலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

இதையெல்லாம் அந்தக் கிளினிக்கில் விவரமாகச் சொன்னேன். வாசலில் ஆடிச் சலுகை என்று பேனர் (பல்லுக்கு ஆடித் தள்ளுபடி, துணிக்கடை தோற்றது). டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஸ்லீப் ஆப்னியாதான், மெஷின் எல்லாம் வேண்டாம், ஃபாரின் கிளிப் ஒன்று இருக்கிறது, வாழ்நாள் கேரண்டி" என்றார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற இந்த ஸ்லீப் ஆப்னியா, பார்த்தவுடனே தெரிகிற நோய் இல்லை. தூங்கும்போது உடம்பில் ஒயர் மாட்டி, மூச்சு, ஆக்ஸிஜன், மார்பு அசைவு எல்லாம் பதிவு செய்துதான் கண்டுபிடிக்க முடியும். தொண்டையில் மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்வதால் நிற்கிறதா, மூச்சு விடச் சொல்லி மூளையே உத்தரவு தராததால் நிற்கிறதா என்பதையும் டெஸ்ட்தான் காட்டும். இரண்டாவது வகைக்கு இந்தக் கிளிப் பயனே கிடையாது.

ட்ரேயில் பேஸ்ட் வைத்து அச்சு எடுக்கவில்லை, ஸ்கேனரும் வைக்கவில்லை. உதவிக்கு இருந்த பெண் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த லாட வடிவப் பொருளை முக்கி, இடுக்கியால் தூக்கி, "அண்ணா, கீழ்த்தாடையை முன்னாடி தள்ளி நல்லா கடிங்க, இன்னும், இன்னும்" என்றது. டாக்டர் அந்த நேரம் அடுத்த நாற்காலியில் யாருக்கோ ரூட் கெனால் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வேலை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'கிளிப்' என்று எழுதிக் கொடுத்தார்கள், கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. அதே நீல நிறம், முன்னால் அதே நாலு ஓட்டை, அதே உறை, ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறதைப் பிற்பாடு என் தங்கச்சி மகன் தேடிக் காட்டினான்.

இந்தக் கிளிப் வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமையானது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தால் அதோடு நாக்கின் அடிப்பகுதியும் முன்னால் வரும், தொண்டைக்குப் பின்னால் காற்றுப் போக வழி கிடைக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குறைவாக இழுத்தால் சத்தம் மட்டும் குறையும், அடைப்பு இருக்கும். எடுத்தவுடனே அதிகம் இழுத்தால் காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டு வலிக்கும். அதனால்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள் மேல் பல்லுக்குத் தனி, கீழ்ப் பல்லுக்குத் தனி என்று இரண்டு துண்டாகச் செய்து, பக்கத்தில் திருகு வைத்து, ஒருவரால் முன்னால் தள்ள முடிகிற தூரத்தில் பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று தொடங்கி, மில்லிமீட்டரில் கால் பங்கு, அரைப் பங்கு என்று மெதுவாக நகர்த்திக்கொண்டு போகிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது ஒரே துண்டு. கடித்தது கடித்ததுதான், நகர்த்தவே முடியாது.

மாட்டிய முதல் வாரத்திலேயே வீடு அமைதியானது. மாமியார் "மலை முருகன் கண்ணைத் திறந்துட்டான்" என்றார். ஆனால் பகல் தூக்கம் போகவில்லை. வளைவில் வண்டி ஓரம் போனதைக் கிளீனர் பையன் பார்த்துக் கத்தி எழுப்பியிருக்கிறான், அதை வீட்டில் சொல்லாமலே மறைத்துவிட்டார்கள் இரண்டு பேரும். காலையில் எழுந்தால் கடைவாய்ப் பல் மேலும் கீழும் சேரவில்லை, தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தால் முன்பல்லால் கொறித்துக்கொண்டிருந்தார். கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ஈறு ஏற்கெனவே வீங்கியிருந்த இடம் அது. கிளிப் ராத்திரி முழுக்கக் கீழ் முன்பல்லை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆகவே ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், பிடித்துக்கொள்ளப் போதுமான உறுதியான பற்கள் மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பல் டாக்டருக்கு அடிப்படைப் பாடம். இவர் ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பராமரிப்புக்குச் சொன்ன யோசனை அதைவிட மோசம்: வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள், கிருமி செத்துவிடும். வெந்நீரில் இளகித்தானே அது கடிக்கிற வடிவத்துக்கே வந்தது? போட்டோம், ஒரு பக்கம் கோணிக்கொண்டது. திரும்பக் கொண்டுபோனால் "நீங்க சரியா வெச்சுக்கல, புதுசுக்குப் பாதி விலை போட்டுத் தர்றோம்" என்று ரிசப்ஷனில் பதில். டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. வாழ்நாள் கேரண்டி என்றாரே என்று கேட்டால், "அது மெட்டீரியலுக்கு மட்டும் அக்கா".

அப்புறம் தெரிந்தவர் சொல்லி ஒரு நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார், பிறகுதான் மற்ற பேச்சு. கிளிப் இல்லாமல் ஒரு ராத்திரி, கிளிப்போடு ஒரு ராத்திரி என்று டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஏஹெச்ஐ என்று ஒரு எண் போடுவார்கள், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மூச்சு எத்தனை முறை நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கிளிப் இல்லாமல் இவருக்கு 36. கிளிப்போடு 27. குறட்டை ஏறக்குறைய இல்லை என்றும் அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. மணிக்கு 27 தடவை மூச்சுத் தடைபட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தோம்.

இவ்வளவு கடுமையாக இருந்தால் முதல் வைத்தியம் சிபாப் மெஷின்தான், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி வழியைத் திறந்து வைப்பது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்தது, இன்றைக்கும் அதுதான் முன்னால் நிற்கிறது. வாய்க் கிளிப் மோசம் என்று நான் சொல்லவில்லை, லேசான, நடுத்தர நிலைக்கும், மெஷினோடு ஒத்துப்போக முடியாதவர்களுக்கும் அது நல்ல வைத்தியம். எங்களுக்கு இப்போது இரண்டுமே இருக்கிறது, ஏனென்றால் ஏற்காட்டில் காற்றும் மழையும் அடித்தால் ராத்திரியில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது கிளிப்பை வேறொரு பல் டாக்டர், நுரையீரல் டாக்டரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகுதான் செய்தார். எக்ஸ்ரே எடுத்தார், ஈறுக்கு வைத்தியம் பார்த்து ஆறவிட்டார், வாய் எவ்வளவு திறக்கிறது, தாடை மூட்டில் சத்தம் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், தாடை முன்னால் வருகிற தூரத்தை ஒரு அளவுகோலைக் கடிக்க வைத்துக் குறித்துக்கொண்டார். காலையில் கழற்றியதும் கொஞ்ச நேரம் கடிப்பதற்குச் சின்னதாக ஒரு அச்சும் தந்தார், பல் பழைய இடத்தில் போய்ச் சேருவதற்கு. திருகை நகர்த்தி நகர்த்தி நிலைக்கு வந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்லீப் டெஸ்ட், 11 வந்தது. ஆகவே கரண்ட் இருக்கிற நாளில் மெஷின், இல்லாத நாளில் கிளிப். வண்டியும் டாக்டர் சரி என்ற பிறகுதான் எடுத்தார்.

அதனால் எங்கே போனாலும், ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்காமலே கிளிப் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போட்ட பிறகு மறு டெஸ்ட் உண்டா என்று கேளுங்கள், "குறட்டை நின்றால் போதும்" என்று பதில் வந்தால் அங்கேயும் எழுந்து வந்துவிடுங்கள். திருகு எங்கே இருக்கிறது, யார் நகர்த்துவார்கள், அதற்குத் தனிக் காசா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பில்லில் பொருளின் பெயர், செய்த லேப், கேரண்டி எத்தனை வருஷம், எதற்கு என்று எழுதி வாங்குங்கள்.

வாங்கினால் வைத்துக்கொள்கிற விதம் பெரிய வித்தை இல்லை. ராத்திரி பல் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷில் வாசனை இல்லாத திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம், அது சொரசொரப்பு, மேலே கீறல் விழுந்து அழுக்கும் நாற்றமும் அதில் தங்கிவிடும். பிளீச்சிங் வேண்டாம், வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஈரம் காய்ந்த பிறகு ஓட்டை உள்ள டப்பாவில் வையுங்கள், டப்பாவையும் அவ்வப்போது கழுவுங்கள். வண்டியின் டேஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள், இவர் ஒருநாள் வைக்கப் போய் நான் பிடுங்கி வைத்தேன். நாய் வளர்க்கிறவர்கள் உயரமான இடத்தில் வையுங்கள், எச்சில் வாசத்துக்கு நாய் அதைக் கடித்துக் குதறிவிடும். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோய் விரிசல் இருக்கிறதா, கடி மாறியிருக்கிறதா என்று பார்த்து வாருங்கள்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், கிளினிக் பதிலே தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, கூகுள் பே ரசீது, கோணிப்போன கிளிப், இரண்டு ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட், ரிசப்ஷனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இணைத்தோம். வாட்ஸ்அப்பில் "கொதிக்க வைங்க" என்று அவர்களே அனுப்பியது இருக்கிறது, அதை மட்டும் அழித்துவிடாதே என்று தங்கச்சி மகன் என் போனைக் கையில் வாங்கி நாலு இடத்தில் சேமித்துவிட்டான்.

மனு நிலுவையில் இருப்பதால் கிளினிக் பெயரைக் கேட்காதீர்கள், தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதே மாதிரி நீல நிறத்தில், முன்னால் நாலு ஓட்டையோடு, துண்டுச் சீட்டு பில்லோடு யாராவது வாங்கியிருந்தால், ரசீதைத் தொலைக்காமல் எனக்கு எழுதுங்கள். இன்னும் ஒருவர் சேர்ந்தால்கூட மனுவுக்கு உதவும்.