வெள்ளை அக்ரிலிக் கேபினட்: முகத்தில் குறையில்லை, விளிம்பில்தான் எல்லாம்

நாத்தனார் மகள் ஈப்போ பக்கம் புது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கியிருக்கிறாள். "மாமி, உங்க வீட்டு மாதிரியே வெள்ளை அக்ரிலிக் போட்டுடவா?" என்று கேட்டு, சமையலறைக் கேபினட் விலைப்பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினாள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்று சட்டென்று சொல்லவும் மனம் வரவில்லை. சுங்கை சிப்புட்டில் இதே கேள்வியோடு கடை ஏறி இறங்குகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்களுடையது வரிசை வீடு, அதிலும் நடுவீடு. முன்வாசல், பின்வாசல் தவிர வெளிச்சம் வர வழியில்லை. முன்பெல்லாம் பட்டப்பகலிலும் சமையலறையில் விளக்கு எரியும். பளபளக்கும் அக்ரிலிக் கதவுகள் வந்த பிறகு, பின்வாசலில் விழும் வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வந்து சேர்கிறது. காலையில் பசியாற உட்காரும்போது விளக்கே தேவைப்படுவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

துடைப்பதும் சுலபம். மீன் குழம்பு தெறிக்கட்டும், தீபாவளிக்கு முறுக்கு சுட்ட புகை படியட்டும்; வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், மென்மையான துணி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா பளபளப்பில்லாத மேட் லேமினேட் போட்டிருக்கிறார். அதில் கைரேகை தெரியாது, ஆனால் எண்ணெய் படிந்தால் துடைத்த இடம் திட்டுத் திட்டாக நிற்கிறது. வெள்ளை அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை இல்லை. வெயில் பட்டும் நிறம் மாறவில்லை. அக்ரிலிக் எளிதில் மஞ்சளிக்காத பிளாஸ்டிக்.

இனி விளிம்புக்கு வருகிறேன்.

கதவு ஒரே பொருள் இல்லை. உள்ளே மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை, அதன் மேல் மெல்லிய அக்ரிலிக் தகடு. நான்கு ஓரத்தையும் ஒரு பட்டையால் ஒட்டி மூடுகிறார்கள். பட்டையும் முகமும் சேருமிடத்தில் பசை ஒரு கோடாக நிற்கும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு இப்போது மஞ்சள். அடுப்பை ஒட்டிய கதவுகளில் பழுப்பே ஆகிவிட்டது. தூய வெள்ளைக் கதவைச் சுற்றி அழுக்குக் கோடு இழுத்தாற்போல் தெரிகிறது. காலையும் மாலையும் அடுப்பின் முன் நிற்பவள் நான், என் கண் வேறு எதைப் பார்க்கும்?

மஞ்சள்தூளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நம் தாளிப்பில் மஞ்சள் எண்ணெயோடு சேர்ந்துதான் தெறிக்கிறது. வழவழப்பான முகத்தில் அதற்குப் பிடி கிடைக்காது, பசைக் கோட்டில் கிடைக்கிறது. பழைய பல் பிரஷ்ஷில் சோப்பு வைத்துத் தேய்த்தால் கொஞ்சம் போகும், மறுபடி வரும். பின்வாசல் வெயில் நேராக விழும் ஒரு கதவில் மட்டும் கோடு வெளிறியிருக்கிறது, ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மஞ்சள் பட்ட சட்டையை அம்மா வெயிலில் காயப்போட்டதும் இதனால்தான். செய்துகொடுத்த கடையில் கேட்டதற்கு, பெயிண்டில் கலக்கும் தின்னர் தொட்டுத் துடைக்கச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தின்னரும் அசிட்டோனும் அக்ரிலிக்கையே அரித்துவிடும்.

சென்ற மாதம் மேல் கேபினட் கதவு ஒன்றின் அடிப்பட்டை கழன்று தொங்கியது. சரியாக அதன் கீழேதான் ரைஸ் குக்கர் இருக்கிறது, ஆவி தினமும் அந்த விளிம்பில்தான் முட்டுகிறது. பழுது பார்க்க வந்த பெரியவர் வேறு கடைக்காரர். கழன்ற பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது இவிஏ பசை என்றார். மலிவானது, சூடு பட்டால் மறுபடி இளகும், கோடும் தடிமனாக விழும். பியுஆர் என்று இன்னொன்று இருக்கிறதாம். அது ஈரப்பதத்தை வாங்கி இறுகும் வகை. இறுகிய பின் ஆவிக்கும் சூட்டுக்கும் அசையாது, கோடும் மெல்லியதாகத்தான் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றுக்கும் நம் சமையலுக்கும் எது வேண்டும் என்று சொல்லவா வேண்டும்? எங்களுக்குத் தந்த விலைப்பட்டியலில் கீல், இழுப்பறை, கைப்பிடி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. பசைக்கு ஒரு வரி கூட இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கழன்ற இடத்தில் ஈரம் புகுந்து எம்டிஎப் உப்பிவிட்டது. உப்பிய எம்டிஎப் பழைய நிலைக்குத் திரும்பாது. மலேசியாவில் செய்யும் எம்டிஎப் பெருமளவு ரப்பர் மரத்தால் ஆனது. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகு வெட்டுகிற மரம். ஒரு காலத்தில் தோட்டங்களில் அதை விறகாகத்தான் எரித்தார்கள். அம்மா பால் வெட்டிய மரங்களின் சாதி என் சமையலறைக் கதவுக்குள் இருப்பதில் எனக்குப் பெருமை. மலிவுப் பசையால் அது கெட்டு நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பிவிசி படலம் போர்த்திய கதவுக்கு முகத்து ஓரத்தில் ஒட்டே கிடையாதே என்று கேட்பீர்கள். அடுப்புச் சூட்டிலும் ஓவன் சூட்டிலும் அந்தப் படலம் உரிந்து சுருளும். அலுமினியக் கதவு உப்பாது, கரையானும் அரிக்காது. ஆனால் சட்டத்தின் இடுக்குகளில் பிசுக்கு சேரும்.

நாத்தனார் மகளுக்கு என் பதில்: அடுப்படியில் வெள்ளை அக்ரிலிக் போடாதே, கண்ணு. வெளிச்சம், துடைக்கும் சுகம் எல்லாம் மேலே நானே எழுதியதுதான், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனாலும் போடாதே. தாளிப்பு, பொரியல் இல்லாத டிரை கிச்சன் தனியாக இருந்தால் அங்கே மட்டும் ஆசைப்பட்டபடி போட்டுக்கொள். அடுப்புப் பக்கம் மரநிற லேமினேட் போதும், கோடு கண்ணில் படாது. எதைப் போட்டாலும் கடையில் வெட்டி ஒட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, விளிம்பை நகத்தால் வருடிப் பார். பசை எந்த வகை என்று விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடு.