தானே நகரும் பலகையா, விளக்கு காட்டும் பலகையா?

தொலைவில் இருப்பவருடன், கைபேசித் திரையைத் தடவாமல், காயைக் கையால் எடுத்து வைத்துச் சதுரங்கம் ஆட இன்று இருவகை மின்னணுப் பலகைகள் கிடைக்கின்றன. மும்பையில் உருவான ஸ்கொயர் ஆஃப் போன்றவற்றில் எதிராளியின் காய் தானாகவே நகர்ந்து வரும். நெதர்லாந்தின் டிஜிடி நிறுவனத்தின் பெகாசஸ் போன்றவற்றில், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்பதைச் சிறு விளக்குகள் காட்டும். எதிராளியின் காயையும் நாமே நகர்த்த வேண்டும். சிங்கப்பூரில் வசிக்கும் நான், கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுடன் ஆடுவதற்கு இரண்டாம் வகையில் ஆளுக்கொன்று வாங்கினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானதன்று.

இரண்டுமே புளூடூத் வழியாகக் கைபேசியோடும், அதன் வழியாக இணையத்தோடும் இணைபவை. அதில் ஒப்பிட அதிகமில்லை.

தானே நகரும் பலகையின் அழகை மறுப்பதற்கில்லை. அடியில் மோட்டார்களின் உதவியால் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஓடும் காந்தம் காயை இழுத்துச் செல்கிறது. குதிரையைத் தாண்ட வைக்க முடியாது என்பதால், அது கட்டங்களின் எல்லைக்கோட்டை ஒட்டி மற்ற காய்களுக்கிடையே நுழைந்து வரும்; வெட்டுப்பட்ட காய் முதலில் ஓரத்துக்கு இழுக்கப்படும், பிறகே வெட்டிய காய் அங்கு வந்து அமரும். நண்பர் வீட்டில் சில மாலைகள் ஆடியபோது, ஆட்டத்தை மறந்து இந்த ஊர்வலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கணக்கில் அந்த மோட்டார்கள் எப்படி உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: மறுமுனையில் ஏதேனும் பிசகினால் யார் சரிசெய்வது? காய் கட்டத்தின் நடுவிலிருந்து சற்றே விலகியிருந்தால் காந்தம் அதைத் தவறவிடலாம், அல்லது வழியிலுள்ள காயை இடிக்கலாம். அப்போது பலகையின் கணக்கிலுள்ள ஆட்டமும் கண்ணெதிரே உள்ள ஆட்டமும் வேறுவேறாகிவிடும். எழுபதைக் கடந்தவருக்கு அதைத் தொலைபேசியில் விளக்கிச் சரிசெய்ய வைப்பது எளிதன்று. மோட்டாரே பழுதானால் பலகையைப் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டியதுதான். விளக்குப் பலகையில் ஓடும் உறுப்பு எதுவும் இல்லை. சாய்ந்த காயை நிமிர்த்தி வைத்தால் போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில பலகைகள் கட்டத்தில் காய் இருக்கிறதா என்பதை மட்டுமே அறியும். சில, அது யானையா மந்திரியா என்பதையும் அறியும். குழந்தைகள் கலைத்துவிட்ட ஆட்டத்தை மீண்டும் அடுக்கும்போது இடம் மாறிய காயைக் கண்டுகொள்ளும் என்பதால் பின்னதையே தேர்ந்தெடுத்தேன்.

எதிராளியின் காயையும் நாமே நகர்த்துவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். என் குதிரையைத் தம் கையால் எடுத்து வைக்கும்போதுதான் அதை நான் ஏன் அங்கே வைத்தேன் என்பது புலப்படுகிறது என்கிறார் அப்பா. லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஒரு நகர்த்தலுக்கு 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடலாம் என்பதால், இரண்டரை மணி நேர வித்தியாசமும் எங்களுக்குத் தொல்லையாக இல்லை. ஐந்து நிமிட ஆட்டங்களை விரும்புவோருக்கு இவ்விரண்டு பலகைகளும் ஒத்துவரா. அவர்களுக்குக் கைபேசியே மேல்.