மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: நிறுவனர் மறைந்த பிறகும் நிற்கும் தலைமை

ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் மேசைகள். ஒருவருக்குக் கண்புரை எடுத்து முடிக்கும்போதே அடுத்தவர் தயார். டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு தொடங்கிவிடுவார். நோயாளியைத் தயார்படுத்துவது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து சேர்த்து இங்கேயே இரண்டு வருடம் பயிற்சி கொடுத்த பெண்கள். அதனால் டாக்டரின் நேரம் வீணாவதில்லை. வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்ததில்தான் நிறுவனர் டாக்டர் ஜி. வெங்கடசாமியின் தலைமை தெரிகிறது.

அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். மூட்டுவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு தானே அறுவை செய்தார். கூட இருந்தவர்களுக்கு உழைப்பைப் பற்றி வேறு பாடம் எதற்கு? கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் உள்விழி லென்ஸின் விலை தடையானபோது 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள்.

கட்டணப் பிரிவா இலவசமா என்பது நோயாளியின் விருப்பம். டாக்டர்கள் இரு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். 2006-ல் அவர் மறைந்த பிறகும் இந்த முறை குலையவில்லை. அதற்கே முழு மதிப்பெண் தரலாம்.

இங்கே கண் காட்டப் போவதானால், கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். கண் பாவை விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவர் வரட்டும்.